கச்சான் காற்று தொட்ட கிண்ணம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "வைன் ருசிபார்க்கிறவர்கள், பெயர் மறைத்து வைத்த பத்துப் பன்னிரண்டு கிளாஸுக்கு நடுவே யாரும் நினைக்காத ஒன்று திடீரென்று நாக்கைப் பிடித்து நிறுத்தும் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நம்ம மலையகத் தேயிலையில் அப்படி உண்டா? வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற சாதாரண ஆளுக்கும் அது கிடைக்குமா?"

உண்டு, கிடைக்கும். வீட்டில் செய்யக்கூடிய முறையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு காலைப்பொழுதைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தச் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று என்னால் விளக்க முடியாது.

1996 ஜூன் கடைசி வாரம். ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்து ஸ்டோரில் நான் உதவி டீமேக்கர், அதாவது தேயிலை அரைப்பைக் கவனிக்கிறவருக்கு உதவியாள். (தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்.) அந்த மாதம் முழுக்க மப்பும் மந்தாரமுமாகவே போனது. முதல்நாள் இரவு அரைத்த தேயிலையை மறுநாள் காலையில் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். ஜன்னல் வெளிச்சம் விழுகிற நீள மேசையில் மூடி போட்ட சின்னப் பீங்கான் குவளைகள் வரிசையாக இருக்கும். குவளையின் விளிம்பில் ஓரிடத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள் என்பது கணக்கு. கொதிக்கக் கொதிக்க ஊற்றி 6 நிமிஷம் மூடிவைத்து, குவளையைக் கிண்ணத்தின் மேல் படுக்கப்போட்டால் பல்லிடுக்கு வழியாகச் சாயம் மட்டும் இறங்கும். அவிந்த தூளை மூடியில் கவிழ்த்து, கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைப்போம். நாக்குக்கு வேலை வருவதற்கு முன்னால் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை உண்டு.

அன்றைக்குப் பதினொரு கிண்ணங்கள். பெரிய டீமேக்கர் கரண்டியால் மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, துப்பிவிட்டு நகர்ந்துகொண்டே போனார். அந்த உறிஞ்சல் சும்மா சத்தத்துக்கு இல்லை. காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் சாயத்தின் ஆவி தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை எட்டும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, கசப்பு, புளிப்பு மாதிரி சில சுவைகளும் துவர்ப்பின் பிடிப்பும்தான், மற்றதெல்லாம் மூக்கின் வேலை. முதல் ஆறு கிண்ணமும் ஒரே மாதிரி இருந்தன: சாயம் உண்டு, உயிரில்லை. ஏழாவதை உறிஞ்சினார், துப்பினார், எட்டாவதற்கு நகர்ந்தார். எட்டாவதில் கரண்டியை விட்டவர் அதை உறிஞ்சாமல் திரும்பி ஏழாவதற்கே வந்தார்.

"தம்பி, இதை இன்னொருக்கா ஊத்துங்க."

நிறுவையில் நான்தான் பிழைவிட்டேன் என்று நினைத்தேன். திரும்ப நிறுத்து, திரும்ப ஊற்றினேன். அதே வாசம். குளிர்ச்சியாக, கூர்மையாக, பூவுக்கும் தைலத்துக்கும் நடுவிலான ஒரு வாசம். மூடியில் கிடந்த தூள் செம்பு நிறத்தில் லேசாகப் பச்சை ஓடி இருந்தது. ஹப்புத்தளையும் பண்டாரவளையும் பதுளையும் அடங்கிய எங்கள் ஊவாவில் ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பரில் வரவேண்டியது ஜூனிலேயே, அதுவும் பதினொரு கிண்ணத்தில் ஒரே ஒரு கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"இது எந்த மலைக் கொழுந்து?" என்று கேட்டார். (தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் நம்பர் போட்டு மலை என்றுதான் சொல்வோம்.)

கொழுந்துப் புத்தகத்தைப் புரட்டினோம். முதல்நாள் காலையில் 9ஆம் நம்பர் மலைக்குப் போன லொறி டயர் பஞ்சராகி இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்திருக்கிறது. மற்றக் கொழுந்தெல்லாம் ஏற்கெனவே வாடப்போட்டாகிவிட்டதால் பிந்தி வந்ததைத் தனித் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். தனியாக வாடியது தனியாகவே கொழுந்தை முறுக்குகிற ரோலருக்குப் போய், அதிலிருந்து முதலில் சலித்த தூளும் தனியாகவே புளித்திருக்கிறது, அதாவது காற்றுப்பட்டு நிறம் மாறியிருக்கிறது. அந்த லொறி நேரத்துக்கு வந்திருந்தால் 9ஆம் நம்பர் மலை மற்ற மலைகளோடு கலந்திருக்கும். எங்கள் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அன்று பதினொரு மணிக்கு அந்த மலைக்கு ஏறிப் போனேன். ஸ்டோருக்கு நேர் மேலே, கணவாயைப் பார்த்த மேடு அது. கீழே இன்னும் மூடுபனி. மேலே காய்ந்த காற்று முகத்தில் அடித்தது. நிரையின் கடைசியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த, என் அம்மாவின் வயதுள்ள ஒரு பெரியம்மாவிடம் எப்போதிலிருந்து இந்தக் காற்று என்று கேட்டேன்.

"மூணு நாளாச்சு தம்பி. கொழுந்து ஒடியுற சத்தமே மாறிப்போச்சுல்ல? கூடையில எடை நிக்க மாட்டேங்குது. எப்பவும் எடுக்குற நேரத்துக்கு ரெண்டு கிலோ கொறையுது."

எங்கள் மேசைக்குச் செய்தி வருவதற்கு மூன்று நாள் முன்னமே அவருடைய விரலுக்குத் தெரிந்திருக்கிறது. அதே காற்று அவருடைய நிறுவையையும் இறக்கியிருக்கிறது. காய்ந்த காற்றில் கொழுந்தின் தண்ணீர் குறைகிறது, வளர்ச்சி மெதுவாகிறது, இலை சிறுத்துத் தடிக்கிறது. சாயத்தின் வாசத்தைக் கூட்டுவதும் கூடையின் எடையைக் குறைப்பதும் ஒன்றேதான். நல்ல ஊவாத் தேயிலையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பருவத் தேயிலைக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில், இறங்கிப்போன அந்த இரண்டு கிலோவுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

அந்தக் காற்றுக்குப் பெயர் கச்சான். (நிலக்கடலைக்கும் நம்மிடம் அதே பெயர்தான்.) தென்மேல் பருவக்காற்று மே மாதத்திலிருந்து மேற்குச் சரிவில் மழையைக் கொட்டுகிறது. மத்திய மலையைத் தாண்டும்போது ஈரம் முழுக்க அந்தப் பக்கத்திலேயே இறங்கிவிடுவதால் ஊவாவுக்கு வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. மேற்கே அட்டனிலும் தலவாக்கலையிலும் மழை கொட்டுகிற அதே நாட்களில் பதுளைப் பக்கம் உதடு வெடிக்கும். வருஷத் தொடக்கத்தில் கதை தலைகீழ்: வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கை நனைத்துவிட்டு மேற்கே காய்ந்து இறங்க, ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவிலுள்ள டிம்புள்ளைக்கும் நுவரெலியாவுக்கும் நல்ல காலம். நடுவிலிருக்கும் உடப்புசல்லாவைக்கு இரண்டு காற்றிலும் கொஞ்சம் பங்குண்டு.

அந்தத் தைல வாசத்தின் வேதிப்பெயர் மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலங்களில் இருப்பதும் அதுதான். பல செடிகள் வாடும்போதும் பூச்சி கடிக்கும்போதும் தாமாகவே இதைச் சுரக்கின்றன. செடி படுகிற பாடுதான் நமக்கு வாசமாக வருகிறது. கூடவே லினலூல், ஜெரானியால் மாதிரியான பூவாசப் பொருள்களும் சேரும்போதுதான் ஊவா என்று சொல்லக்கூடிய அந்தக் கலவை அமைகிறது.

இந்த இடத்தில் வைன்காரர்களோடு நமக்குச் சொந்தம் வருகிறது. திராட்சையில் போட்ரைட்டிஸ் என்றொரு பூஞ்சணம் படரும். பார்த்தால் அழுகல்தான். ஆனால் காலையில் மூடுபனியும் பகலில் வெயிலும் அமைந்த இடங்களில் அது பழத்தின் தண்ணீரை வற்றவைத்து இனிப்பையும் வாசத்தையும் திரட்டிவிடும். பிரான்சின் சோடேர்ன் வைனும் ஹங்கேரியின் டோக்காய் வைனும் அந்த அழுகலில் பிறந்தவை. தைவானில் பச்சைத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்திலிருந்து 'கீழைநாட்டு அழகி' என்று பொருள்படும் பெயரில் ஒரு தேயிலை செய்கிறார்கள். அதில் தேன் வாசம் வருவது பூச்சி கடித்ததனால்தான். பூச்சி விழுந்தது என்று யாரோ அந்தக் கொழுந்தை வீசியிருந்தால் அந்தத் தேயிலையே இருந்திருக்காது.

வைன் உலகத்தில் என்னை மிகவும் தொட்ட கதை சிலி நாட்டினுடையது. அங்கே பல காலமாக மெர்லோ என்ற திராட்சை ரகத்தின் பெயரில் விளைந்துவந்த கொடிகளில் பெரும்பகுதி மெர்லோவே இல்லை, பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த காமனேர் என்ற பழைய ரகம் என்று 1994இல் ஜான் மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் அடையாளம் கண்டார். 19ஆம் நூற்றாண்டில் பிலோக்சேரா என்ற பேன் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது பிரான்சில் ஏறத்தாழ மறைந்தே போன ரகம் அது. அத்தனை பேர் அத்தனை வருஷம் அதைக் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இது வேறு என்று சொல்ல, மெர்லோ எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்தத் தோட்டத்தில் நின்று கொடியைப் பார்க்க வேண்டியிருந்தது.

பெரிய டீமேக்கர் எட்டாவது கிண்ணத்திலிருந்து திரும்பி வந்ததும் அதே காரணத்தால்தான். அவருடைய நாக்கில் இருபத்தைந்து வருஷத்து ஜூன் மாதங்கள் இருந்தன. ஜூன் தேயிலை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்ததால்தான் அது ஜூன் மாதிரி இல்லை என்று அவருக்குத் தட்டியது. நான் அந்த வரிசையைத் தனியாகப் பார்த்திருந்தால் ஏழாவதை "நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். பிறகு கொழும்பில் ஒரு தரகர் நிறுவனத்தில் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான கிண்ணங்கள் பார்க்கும் வேலைக்குப் போனபோது இது எனக்கு இன்னும் உறைத்தது. 1883இல் தொடங்கிய கொழும்பு தேயிலை ஏலத்துக்கு வருகிற தேயிலையில் பெரும்பகுதி ஒழுங்காகச் செய்த, சொல்லும்படி எதுவுமில்லாத தேயிலை. அலுப்பாக இருக்கும். ஆனால் அந்த அலுப்பான கிண்ணங்கள்தான் நாக்குக்கு அளவுகோல். அவற்றைக் கவனமாகக் குடித்தவருக்குத்தான் நானூற்றுப் பன்னிரண்டாவது கிண்ணம் கையைப் பிடிக்கும்.

எதிர்பாராதது எல்லாமே கண்டெடுப்பு ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தரகர் வேலையில் இரண்டாவது வருஷம், ஒரு மாதிரியில் அழகான புதினா வாசம் கண்டு உச்சி குளிர்ந்து, பெரிய குறிப்பு எழுதி வைத்தேன். மூத்தவர் ஒருவர் வந்து மூடியிலிருந்த தூளை முகர்ந்தார். சாயத்தை ஆறவிட்டு மறுபடி உறிஞ்சினார். "இது டர்பன்டைன்" என்றார். தோட்டத்து ஆட்கள் யூகலிப்டஸ் மரத்தை அப்படித்தான் சொல்வார்கள். மலை ஓரத்து மரத்திலிருந்து உதிர்ந்த இலை கொழுந்தோடு கலந்து வாட்டத்துக்குப் போயிருக்கிறது. அன்று அவர் சொல்லித்தந்த வேறுபாட்டை இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காற்றால் வந்த வாசம் துவர்ப்போடு சேர்ந்து எழும், சூட்டோடு கூர்மையாகி, ஆற ஆற மாறிக்கொண்டே போகும். ஒட்டிக்கொண்ட வாசம் சூட்டிலும் ஆறினாலும் ஒரே இடத்தில் நிற்கும், சாயத்துக்கு மேலே தனியாக மிதக்கும். புகை வாசமும் அப்படித்தான்: அடுப்பில் ஓட்டை விழுந்து காய்ச்சும் காற்றில் புகை கலந்தால் முதல் கிண்ணத்தில் ஏதோ புதுசு மாதிரி இருக்கும், மூன்றாவது கிண்ணத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, குற்றம் என்று தள்ளிவிடுகிற நல்லதும் உண்டு. கெட்டிச் சாயம் நன்றாக ஆறினால் கலங்கிப் பால் விட்டதுபோல ஆகும். பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேயிலையின் பொலிவுக்குக் காரணமான தியாஃப்ளவின் முதலிய பொருள்களும் கஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் கலக்கம் அது. எங்கள் தொழிலில் அதைச் சத்துள்ள தேயிலைக்கு அடையாளமாகப் பார்ப்போம்.

எதிர்பாராதது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், நான் பழைய விதைத் தேயிலையைத்தான் முதலில் சொல்வேன். இப்போது பெரும்பாலான மலைகள் வீபி: ஒரு நல்ல செடியிலிருந்து தண்டு வெட்டி ஆயிரமாயிரமாகப் பெருக்கியவை. 1925இல் தொடங்கி, பிறகு தலவாக்கலையில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் விளைச்சலிலும் நோய் தாங்குவதிலும் பெரிய உதவி, அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்ட மலைகளில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று சிற்றிலை, ஒன்று காற்றுக்கு முதலில் வாடும். இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தை ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கியபோது நட்டதும் விதைத் தேயிலைதான். அப்படி மிஞ்சிய சில மலைகளின் கொழுந்து நல்ல காற்றில் தனியாக அரைபட்டால் வருகிற சாயம், ஒரே குரலில் பாடாமல் பல குரலில் பாடும். அந்த மலைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுவது எனக்கு வருத்தம்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

ஒரு தேயிலையை மட்டும் ஊற்றிப் பார்க்காதீர்கள். மூன்றை ஊற்றுங்கள். நீங்கள் தினமும் குடிக்கிற தூள் ஒன்று, வேறு பகுதித் தேயிலை இரண்டு, மூன்றும் ஒரே அளவுத் தூளாக இருக்கட்டும். பீஓபி (உடைந்த இலைத் தூளின் ஓர் அளவு) என்றால் மூன்றும் பீஓபி. தூள் அளவு மாறினால் சாயம் இறங்கும் வேகம் மாறும், பிறகு எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. 2 கிராம், 100 மில்லிலீட்டர், 6 நிமிஷம் என்ற கணக்கு குடிப்பதற்குக் கடுப்பாகத்தான் இருக்கும். ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரட்டும் என்பதற்காக அப்படி. பாலும் சீனியும் வேண்டாம். அடியில் பெயர் ஒட்டி, வீட்டில் யாரையாவது கிண்ணங்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்தால் நாக்கு பெயரைத்தான் ருசிக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூடாக ஒருமுறை, வெதுவெதுப்பில் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை உறிஞ்சுங்கள். சத்தம் வருவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

வாங்குகிற இடமும் முக்கியம். பெரிய கம்பெனிப் பைக்கற்றுகள் பல தோட்டத் தேயிலையைக் கலந்து, வருஷம் முழுக்க ஒரே சுவை வரும்படி செய்யப்பட்டவை. அதுதான் அவற்றின் திறமை. எதிர்பாராதது அங்கே வராது, வரவும் கூடாது. ஒரே தோட்டத்தின் பெயரும் அரைத்த மாதமும் போட்ட பைக்கற்றைத் தேடுங்கள். ஊவா என்றால் ஆகஸ்ட், நுவரெலியா என்றால் பெப்ரவரி. தோட்டத்து ஸ்டோர் வாசலில் விற்கிற தூளையும் விட்டுவிடாதீர்கள். பருவ நாளில் அரைத்த தேயிலையின் டஸ்ட் கறுப்பாக, பொடியாக, பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அந்தக் காற்று அதற்குள்ளும் இருக்கும்.

அந்த 1996 காலைக்குத் திரும்பி வருகிறேன். பெரிய டீமேக்கர் அன்று மாலையே 9ஆம் நம்பர் மலைக் கொழுந்துக்குத் தனித் தொட்டி ஒதுக்கினார், வாட்டத்தைக் கூட்டி, புளிக்கும் நேரத்தைக் குறைத்தார். கொழும்பில் அது அந்த வார எங்கள் மற்றத் தேயிலையைவிட நல்ல விலைக்குப் போனது. நான் ஊற்றிப் பார்த்து மிஞ்சிய ஒரு பிடித் தூளைக் கடதாசியில் மடித்து, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எப்போதும்போல ஊற்றி, உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். சீனியை நக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார்.

"இதென்னடா, ஆனி மாசத்துல ஆடித் தேத்தண்ணி?"

அவர் எந்த மேசையிலும் உறிஞ்சித் துப்பியவர் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவர், தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தூளைக் குடித்தவர். மாதத்தையே சொல்லிவிட்டார்.

போன மார்ச்சில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு உறவுக்காரர் கலியாணத்துக்குப் போயிருந்தபோது, சந்தியிலிருந்த சின்னக் கடையில் பெயரில்லாத பொலித்தீன் பையில் கட்டிய தூள் கொஞ்சம் வாங்கினேன். நல்லது எதையும் நினைத்து வாங்கவில்லை, அறையில் காலையில் குடிக்கத்தான். முதல் கிண்ணத்திலேயே ரோஜாவும் பச்சை ஏலமும் கலந்த மாதிரி ஒன்று எழுந்தது. கடைக்காரரிடம் எந்த ஸ்டோர்த் தூள் என்று கேட்டேன். "ஒரு தம்பி பைக்ல கொண்டாந்து போடுவாரு ஐயா, வாராவாரம் வேற வேற" என்றார். பக்கத்து ஸ்டோர்கள் மூன்றின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பையில் இன்னும் நான்கு கரண்டித் தூள் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் அந்த மூன்று ஸ்டோர்த் தேயிலையும் கிடைத்ததும் நான்கையும் ஒரே மேசையில் ஊற்ற வேண்டும்.